வெளியேறுவோம்! எங்கே?

"வெளியேறுவோம்!" என்ற சொல்லுக்கு ஒரு மயக்கம் உண்டு. கேட்டவுடன் நெஞ்சு நிமிரும், கை உயரும், கூட்டம் ஆர்ப்பரிக்கும். அடைபட்டுக் கிடந்தவனுக்குக் கதவு திறந்தது போன்ற களிப்பு! கதவுக்கு அப்பால் இருப்பது படிக்கட்டா, பள்ளமா என்று அந்த வேளையில் எவரும் கேட்பதில்லை. கேட்பவனைக் கோழை என்று கூறி உட்காரவைத்துவிடுவதும் எளிது.

தமிழகத்து இளைஞனுக்கு இந்தச் சொல் புதிதன்று. திராவிட நாடு கேட்ட தலைமுறை நம் பாட்டன்மாரின் தலைமுறை. 1962-இல் மாநிலங்களவையில் எழுந்து நின்று அண்ணா அதற்காக வாதாடினார். அடுத்த ஆண்டே பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. கழகம் கோரிக்கையைக் கைவிட்டது. கோரிக்கைக்கான காரணங்கள் மறைந்துவிடவில்லை என்று கூறியே கைவிட்டது. பின்வாங்கிவிட்டார்கள் என்று எள்ளி நகைத்தோர் உண்டு. ஆனால் 1969-இல் அமைந்த இராசமன்னார் குழுவும், 1974-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மாநில சுயாட்சித் தீர்மானமும் அந்தக் காரணங்களுக்கு வேறொரு வழி தேடிய முயற்சிகள் அல்லவா? ஆகவே, 2016 முதல் 2020 வரை பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தின் வாயிற்படியில் நின்று, உள்ளே போகவும் மனமின்றி, வெளியே போகவும் வழியறியாமல் தவித்த கதையை அயல்நாட்டு வேடிக்கை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

2016 ஜூன் 23 அன்று அந்நாட்டு மக்கள்முன் வைக்கப்பட்ட வினாவுக்கு விடைகள் இரண்டே: இருப்பதா, விலகுவதா? வாக்களித்தோரில் நூற்றுக்கு 51.9 பேர் விலகுக என்றனர், 48.1 பேர் இருக்க என்றனர். தீர்ப்புத் தெளிவாகிவிட்டது என்று முரசு கொட்டினார்கள். தெளிவா? விலகு என்றவர்களுள், ஒன்றியத்தின் சந்தையில் மட்டும் இருந்துகொண்டு மற்றவற்றைத் துறக்க எண்ணியவர் உண்டு. சந்தையும் வேண்டா, சுங்கக் கூட்டும் வேண்டா என்று முற்றாக அறுத்துக்கொள்ள எண்ணியவர் உண்டு. அயலார் வந்து குடியேறுவதைத் தடுப்பதொன்றே குறியாக இருந்தவர் உண்டு. உள்நாட்டு அரசின்மீது கொண்ட ஆத்திரத்தை அந்தப் பெட்டியில் போட்டுவிட்டு வீடு திரும்பியவரும் உண்டு. நான்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரே வண்டியில் ஏறிக்கொண்டு, "ஓட்டு வண்டியை!" என்று ஒரே குரலில் கூவினார்கள். வண்டிக்காரன் எந்தப் பக்கம் திருப்புவான்?

அந்த வண்டிக்காரராக வாய்த்தவர் பிரதமர் தெரசா மே. 2017 மார்ச் 29-இல் விலகல் ஓலையை நீட்டினார். இரண்டே ஆண்டில் வெளியேற வேண்டும் என்ற கெடு அன்று தொடங்கியது. இடையே தேர்தல் நடத்திப் பெரும்பான்மையையும் இழந்தார். அரும்பாடுபட்டு அவர் கொண்டுவந்த உடன்படிக்கையை 2019 ஜனவரி 15 அன்று மக்களவை 432-க்கு 202 என்று வீழ்த்தியது. மார்ச்சில் இருமுறை மீண்டும் கொண்டுவந்தார், இருமுறையும் தோல்வி. இதற்கிடையே மார்ச் 27 அன்று அவையே முன்வந்து எட்டு வழிகளைத் தனித்தனியே வாக்குக்கு விட்டது. எட்டில் ஒன்றுக்கும் பெரும்பான்மை இல்லை! ஏப்ரல் 1 அன்று நான்காகச் சுருக்கினார்கள், நான்கும் விழுந்தன. சுங்கக் கூட்டில் நீடிப்பது என்ற ஒரு வழி மட்டும் மூன்றே வாக்கில், 273-க்கு 276 என்று, தோற்றது. கெடு நாள் ஏப்ரலுக்குத் தள்ளிற்று, பிறகு அக்டோபருக்கு, பிறகு அடுத்த ஜனவரிக்கு.

முடிச்சின் மையம் அயர்லாந்து. ஒரே தீவு, தெற்கே குடியரசு, அது ஒன்றியத்தின் உறுப்பு, வடக்கே பிரிட்டனின் ஒரு பகுதி. இடையே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை. அந்த எல்லைக்காகவும் அதன் பெயராலும் முப்பது ஆண்டுகளில் 3,500-க்கு மேற்பட்டோர் மாண்டபின், 1998-இல்தான் அங்கே அமைதி உடன்படிக்கை பிறந்தது. காவற்சாவடிகள் அகன்றன. ஒரு பக்கம் வீடு, மறு பக்கம் வேலை என்று மக்கள் நடமாடினார்கள். பிரிட்டன் விலகினால் அந்தக் கோடு ஒன்றியத்தின் வெளி எல்லையாகிவிடும். சுங்கச் சாவடி மீண்டும் முளைக்கும். இதற்கு என்ன செய்வது என்று வாக்குச்சீட்டில் ஒரு வரி இல்லை. வட அயர்லாந்து மக்களோ நூற்றுக்கு 55.8 பேர் இருக்கவே வாக்களித்திருந்தனர்.

வரலாற்றின் நகைச்சுவையைப் பாருங்கள்! 1947 ஜூலை 8 அன்று, அதற்குமுன் இந்தியாவைக் கண்ணாலும் கண்டிராத ராட்கிளிஃப் என்ற வழக்கறிஞர் இங்கே வந்து இறங்கினார். ஐந்தே வாரத்தில் பஞ்சாபையும் வங்கத்தையும் கோடு போட்டுப் பிளந்துவிட்டுப் புறப்பட்டார். பிறர் மண்ணில் எல்லை கிழிக்க ஐந்து வாரம் போதுமானதாயிருந்தது. தம் மண்ணருகே இருந்த ஓர் எல்லையை என்ன செய்வது என்று முடிவுகட்ட மூன்றரை ஆண்டு போதவில்லை!

இந்த இழுபறியைக் காட்டி, மக்களாட்சியே இப்படித்தான், சாட்டையோடு ஒருவன் வந்தால்தான் சரிப்படும் என்று பேசுவோர் நம் நாட்டிலும் மிகுதி. நாம் அவ்வாறு கருதவில்லை. மக்களிடம் அரைகுறையாகக் கேட்கப்பட்ட வினாவின் மறுபாதியை அந்த அவை தன்னைத்தானே கேட்டுக்கொண்டது. விடை கிடைக்காதபோது கிடைத்துவிட்டதாக நடிக்கவில்லை. சாட்டைக்கும் ஆள் வந்தார். பின்னர்ப் பிரதமரான போரிஸ் ஜான்சன் ஐந்து வார காலம் நாடாளுமன்றத்துக்குப் பூட்டுப்போடப் பார்த்தார். 2019 செப்டம்பர் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒருமுகமாக அது சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தார்கள். அவை மறுநாளே கூடிற்று. டிசம்பர்த் தேர்தலில் அவர் வென்றார். 2020 ஜனவரி 31-இல் பிரிட்டன் விலகியது. அயர்லாந்து முடிச்சு அவிழ்ந்ததா? நிலத்தில் எழாத சுங்கக் கோடு கடலுக்கு நகர்ந்தது. பிரிட்டனிலிருந்து அதே நாட்டின் வடஅயர்லாந்துக்குச் செல்லும் சரக்குக்குச் சோதனை!

விலகியவனை விதி விட்டுவிடுவதுமில்லை. ஐரோப்பாவில் விற்க வேண்டுமானால் ஐரோப்பிய விதிப்படிதான் பிரிட்டன் பொருள் செய்தாக வேண்டும். விதி வகுக்கும் அவையில்தான் அதற்கு இடமில்லை. இது சேர்வராயன் மலைக்காரருக்கு எளிதில் விளங்கும். 2023-இல் ஒன்றியம் ஒரு சட்டம் இயற்றியது: காடழித்த நிலத்தில் விளைந்த காப்பி அங்கே நுழையக்கூடாது, விளைந்த தோட்டம் எந்த இடம் என்று நிலக்குறியோடு காட்ட வேண்டும். நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிப்போடப்பட்டாலும் சட்டம் நிற்கிறது. நோக்கம் நல்லதே. ஆனால் சில்வர் ஓக் நிழலில் அரை ஏக்கர் காப்பி வைத்திருக்கும் மலைக்குடியானவனை பிரஸ்ஸெல்ஸ் நகரத்தில் எவர் கேட்டார்?

கேட்கப்படாதவர் யார் என்ற இந்த வினா நம் மனத்தில் ஏறியது நூல்களால் மட்டுமன்று. மாரமங்கலத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களுள் ஒன்றில் - பெயர் வேண்டா - படிப்பகத்து இளைஞர்கள் ஒரு தீர்மானம் போட்டார்கள். திருவிழாவுக்கென்று ஊர்ப்பெரியவர்கள் ஆண்டுதோறும் தலைக்கட்டு வரி தண்டுகிறார்கள், கணக்குக் காட்டுவதில்லை, கேட்டால் தெய்வக் குற்றம் என்கிறார்கள். ஆகவே ஊர்க்கட்டிலிருந்து விலகுகிறோம்! கையெழுத்துகள் குவிந்தன. நல்ல பிள்ளைகள்; துணிவுள்ள பிள்ளைகள். மறு வாரம், விலகுவது எப்படி என்று பேச உட்கார்ந்தார்கள். வரியை மட்டும் நிறுத்துவோம், திருமணத்துக்கும் சாவுக்கும் ஊரோடு இருப்போம் என்றது ஒரு சாரார். அது என்ன விலகல், எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு தனிச் சுடுகாடும் தனி மன்றமும் காண்போம் என்றது மற்றொரு சாரார். உள்ளே இருந்தே கணக்கைப் படிக்கச் சொல்வோம், பெண்களுக்கு இடம் கேட்போம் என்றது மூன்றாவது. ஒவ்வொரு வழியையும் மற்ற இரு சாராரும் சேர்ந்து வீழ்த்தினார்கள். நாம் மூலையில் உட்கார்ந்து மார்ச் 27-ஆம் நாளை நினைத்துக்கொண்டோம்.

அப்போது வாசலில் நின்றிருந்த ஒரு தாய், உள்ளே வராமலே கேட்டார்: "ஏப்பா, ஊரைவிட்டு விலகிட்டா தண்ணிக்கு எந்தக் கிணத்துக்குப் போறது? குடம் தூக்கப்போறது நீங்களா, நாங்களா?"

கூட்டத்தில் ஓசை இல்லை. விலகியவர்மீது ஊர்விலக்கு வைக்கச் சட்டம் இடம் தராது என்று நாம் விளக்கினோம். "சட்டம் சேலத்தில இருக்குங்க சார், கெணறு இங்க இருக்கு" என்றார். நல்ல விடை, அதற்கு நம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. கெடு நாளும் வந்தது. பையன்கள் முடிவுகாணாமலே இருக்க, காப்பிப்பழம் பறித்த கூலியிலிருந்து அவர்களுடைய தாய்மார்கள் வரியைக் கட்டிவிட்டார்கள். அடுத்த கூட்டத்துக்குப் பெண்களும் அழைக்கப்பட்டார்கள். வந்து, முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கிணற்றைப் பற்றியே அன்றைய பேச்சு முழுதும் நடந்தது. விலகல் தீர்மானம் இன்னும் படிப்பகத்து அலமாரியில் இருக்கிறது.

மீண்டும் பிரிட்டனுக்கு வருவோம். அங்கே கேட்கப்படாதவர் யார்? ஆண்டுக்கணக்கில் அங்கே உழைத்து வரி கட்டிய போலந்துக்காரனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் அந்த வாக்கெடுப்பில் வாக்கில்லை. அவர்கள் வாழ்வைப் பற்றியதே அந்த வாக்கெடுப்பு! ஆனால் அவன் அடுத்த வீட்டில் இந்தியக் கடவுச்சீட்டோடு குடியிருந்த தமிழனுக்கு வாக்கு இருந்தது. காரணம், காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் அங்கே குடியிருந்தால் வாக்காளனாகலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். இலண்டன் தமிழன் கையில் அந்தச் சீட்டு வந்து சேர்ந்ததற்கு வழிவகுத்தது 1949-இல் நடந்த வேறொரு விலகல் வழக்கு; அதன் கட்சிக்காரர் நாமே.

1947 ஜனவரியில் அரசியல் நிர்ணய சபை ஏற்ற குறிக்கோள் தீர்மானம், இந்தியா இறைமையுள்ள குடியரசு என்று அறுதியிட்டுவிட்டது. காமன்வெல்த்தோ, மன்னனுக்குப் பணிவு என்ற ஒரே ஆணியில் தொங்கிய அமைப்பு. குடியரசு எப்படி மன்னனுக்குப் பணியும்? பர்மா 1948 ஜனவரியில் விடுதலை பெற்றபோதே அதில் சேராமல் நின்றது. அயர்லாந்து 1949 ஏப்ரல் 18-இல் அறுத்துக்கொண்டது. அதே மாத இறுதியில் இலண்டனில் கூடிய பிரதமர்கள் ஓர் உடன்பாடு கண்டார்கள்: இந்தியா குடியரசாகவே இருக்கும், மன்னன் அதற்கு ஆள்வோன் அல்லன், உறுப்பு நாடுகள் தம் விருப்பால் கூடியிருப்பதன் அடையாளம் மட்டுமே. ஆணி மாற்றப்பட்டது, படம் விழவில்லை. முடிச்சு சில நாளில் அவிழ்ந்த காரணம், குடியரசு என்பதில் விட்டுக்கொடுப்பதில்லை, மற்றவை பேசித் தீர்க்கத்தக்கவை என்று நேரு தெளிவோடு சென்றதே.

இதைப் பாராட்டும்போதே ஒன்றை மறைக்கக்கூடாது. மே மாதம் நிர்ணய சபை அதை ஏற்றபோது, ஹஸ்ரத் மொஹானி, சிப்பன்லால் சக்சேனா போன்றோர் எதிர்த்தனர். அந்தச் சபையைத் தேர்ந்தெடுத்தவர்கள் மாகாணச் சட்டமன்றத்தினர். அந்தச் சட்டமன்றங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் சொத்தும் படிப்பும் உள்ள சிறுபகுதியினர். வயது வந்த அனைவரும் வாக்களித்த தேர்தல் 1951-52-இல்தான் நடந்தது. இலண்டனில் முடிவெடுத்து, டில்லியில் ஒப்பம் வாங்கினார்கள். சேலத்திலும் மாரமங்கலத்திலும் எவரையும் கேட்கவில்லை.

இலண்டன் மேசையில் நேருவுக்கு எதிரே இருந்த நாடுகளுள் ஒன்று தென்னாப்பிரிக்கா. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதற்கப்பல் நேட்டாலுக்குக் கொண்டுசென்ற கரும்புத்தோட்டக் கூலிகளின் வழித்தோன்றல்களை - அவர்களுள் பலர் தமிழர் - நிறத்தால் ஒதுக்கிவைத்த அரசு அது. அவர்களோடு ஒரே சங்கத்தில் இருப்பதா என்று எதிர்ப்பாளர் கேட்டது நியாயமான கேள்வி. வரலாறு அதற்கு விடையளித்த விதம் வியப்பானது. 1960 அக்டோபர் 5 அன்று தென்னாப்பிரிக்கா, குடியரசாவதா என்று பொதுவாக்கெடுப்பு நடத்தியது. நூற்றுக்கு 52.3 பேர் ஆம் என்றார்கள். வாக்களித்தவர் வெள்ளையர் மட்டுமே! நேட்டால் தமிழனுக்கும் வாக்கில்லை. அந்த மண்ணுக்கே உரிய கறுப்பு மக்களுக்கும் இல்லை. குடியரசாகியும் காமன்வெல்த்தில் நீடிக்க இந்தியா திறந்த வழியிலேயே அனுமதி கேட்டார்கள். 1961 மார்ச்சில் நேருவும் மற்றும் சில பிரதமர்களும் நிறவெறியைக் குறித்துக் கொடுத்த அடியில், பிரதமர் வெர்வூர்ட் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். மே 31 அன்று அந்நாடு வெளியேறியது. முட்டுக்கட்டை இல்லை, இழுபறி இல்லை, எட்டு வழிகள் இல்லை. எதிர்த்துப் பேசக்கூடிய வாய்களுக்கெல்லாம் முன்கூட்டியே பூட்டுப் போட்டிருந்தார்கள்.

1994 ஏப்ரலில் அந்த மண்ணின் எல்லா நிறத்தாரும் முதன்முறையாக வரிசையில் நின்று வாக்களித்தார்கள். ஜூன் 1 அன்று தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்துக்குத் திரும்பியது.