அரண்மனையில் இரண்டு இரவுகள்

அரண்மனை என்னும் சொல்லை நாம் அடிக்கடி கேட்கின்றோம். ஆயினும் அதனைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பகைவரைத் தடுப்பது அரண். உண்டு உறங்கி வாழ்வது மனை. இரண்டும் ஒருங்கே அமைந்தது அரண்மனை. பிரெஞ்சு மொழியில் வழங்கும் 'ஷத்தோ' என்ற சொல்லுக்கு இதனைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் வேறொன்று உண்டென நான் கருதவில்லை. மத்திய காலத்தில் தடித்த மதில்களும் அகழியும் அம்பெய்யும் துளைகளும் கொண்டு எழுந்த கோட்டைக்கும் அதுவே பெயர். பதினாறாம் நூற்றாண்டில் அகன்ற யன்னல்களும் பூந்தோட்டங்களும் கொண்டு எழுந்த மாளிகைக்கும் அதுவே பெயர். அரணிலிருந்து மனைக்கு அச்சொல் நகர்ந்த வரலாறு, பிரான்சிய நிலப்பிரபுத்துவத்தின் வரலாறுமாகும். நம் காலத்தில் அச்சொல் மூன்றாவது பொருளொன்றையும் ஏற்றுள்ளது. பணம் செலுத்தும் எவரும் தங்கத்தக்க விடுதி என்பதே அது. அம்மூன்றாவது பொருளின் வழியாக உள்ளே நுழைந்தவர்களுள் நானும் ஒருவன்.

சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் பாரிஸில் வாழும் என் தாய்மாமன் என்னைத் தம்மிடம் அழைத்திருந்தார். அவர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்நகரத்து உணவகங்களில் வேலை செய்பவர். பாத்திரம் கழுவுபவராகத் தொடங்கிச் சமையற்காரராக உயர்ந்தவர். பாரிஸிலுள்ள எம்மவர் பலரின் வாழ்க்கை வரலாற்றை இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம். ஈபிள் கோபுரத்தையும் லூவர் அரும்பொருட் காட்சிச்சாலையையும் காட்டி முடித்தபின், "மருமோன், இதெல்லாம் வாற சனம் எல்லாம் பாக்கிறதுதான். நான் இவ்வளவு காலமும் இருந்தும் பாக்காத ஒண்டை இரண்டு பேருமாப் போய்ப் பாப்பம்" என்றார். ஏறக்குறைய ஒரு வாரச் சம்பளத்தைக் கொடுத்து இரண்டு இரவுகளுக்கு ஓர் அறையை அவர் முன்னரே ஒழுங்கு செய்திருந்தார்.

பாரிஸிலிருந்து அதிவேகப் புகையிரதத்தில் ஒரு மணி நேர அளவில் தூர் நகரின் அயலை அடையலாம். அங்கிருந்து கிழக்கே, லுவார், ஷெர் என்னும் இரு நதிகளுக்கிடையே உள்ளது மோன்லூயி என்ற சிற்றூர். அதனை அண்டிய மேட்டில், மரங்கள் அடர்ந்த பெருநிலத்தின் நடுவே நிற்பது லா பூர்டெசியேர் அரண்மனை. முதலாம் பிரான்சுவா மன்னனின் நிதியதிகாரியான பிலிபேர் பாபு என்பவருக்காகப் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த மாளிகை இது. நான்காம் ஹென்றி மன்னனின் காதலியாக வரலாற்றில் இடம்பெற்ற காப்ரியேல் தெஸ்திரேயின் தாயும் இக்குடும்பத்தவரே.

நிதியதிகாரி என்ற சொல்லை ஈண்டு ஊன்றி நோக்குதல் வேண்டும். லுவார் பள்ளத்தாக்கின் எழில்மிகு மாளிகைகளைக் கட்டியோர் யாவர் என வினவுமிடத்து, மன்னருக்கு அடுத்தபடியாக நம்முன் வருவோர் பெரும்பாலும் நிதியதிகாரிகளே. ஷெனோன்சோவைக் கட்டிய தோமா போயே நிதி நிருவாகி. அசே-லு-ரிதோவைக் கட்டிய ஜில் பெர்த்தலோவும் அவ்வாறே. 1527 இல் மன்னனின் நிதிப் பொறுப்பாளராயிருந்த செம்பிளான்சே தூக்கிலிடப்பட்டதும் பெர்த்தலோ நாட்டைவிட்டு ஓடினார். அவரது மாளிகை மன்னன் வசமாயிற்று. போயே குடும்பத்தாரும் கடனுக்கீடாக 1535 இல் ஷெனோன்சோவை மன்னனிடம் ஒப்படைக்க நேர்ந்தது. இவர்கள் கையாண்ட பணம் எங்கிருந்து வந்தது? 'தாய்' எனப்பட்ட நேர்வரியிலிருந்து பிரபுக்களும் குருமாரும் விலக்குப் பெற்றிருந்தனர். எனவே அதன் பாரம் உழுது பயிரிட்டோரின் தோள்களிலேயே வீழ்ந்தது. மாளிகையின் சுவரை ரசிக்கும் கண் அச்சுவரினூடே இதனையும் காண வேண்டும்.

சுவர் என்றதும் அதன் கல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அப்பிரதேசத்தின் பழைய கட்டடங்கள் பல 'துஃபோ' எனப்படும் வெண்ணிறச் சுண்ணக் கல்லாலானவை. வெட்டும்போது மென்மையாயிருந்து காற்றுப் படப்பட இறுகும் இயல்பினது அது. எத்துணை நுண்ணிய செதுக்கு வேலைக்கும் இடங்கொடுக்கும். மலைச்சரிவுகளைக் குடைந்து இக்கல்லை எடுத்தனர். கல் போன இடத்தில் குகைகள் எஞ்சின. அக்குகைகளில் ஏழைக் குடியானவரும் கூலியாட்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். பிற்காலத்தில் அவற்றுட் பல திராட்சை மது வைக்கும் நிலவறைகளாகவும் காளான் வளர்க்கும் இடங்களாகவும் மாறின. மேலே எழுந்த மாளிகையும் கீழே தோண்டப்பட்ட குகையும் ஒரே கல்லின் இரு பக்கங்கள். ஒன்று கல்லைப் பெற்றது. மற்றையது கல் போன வெற்றிடத்தைப் பெற்றது. வர்க்க வேறுபாட்டை விளக்க இதனினும் எளிய உதாரணம் ஒன்றை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை.

நாங்கள் தங்கிய அரண்மனை பாபு கட்டியவாறே இன்று நிற்கின்றது எனக் கருதிவிடலாகாது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஷுவாசல் பிரபு அதன் பெரும்பகுதியை இடிப்பித்துக் கற்களை அம்புவாஸுக்கு அருகிலுள்ள தம் சாந்தலூ நிலத்திற்குக் கொண்டு சென்றார். அச்சாந்தலூ மாளிகையும் 1823 இல் தகர்க்கப்பட்டது. 44 மீற்றர் உயரமான பகோடா ஒன்று மாத்திரமே அங்கு இப்போது தனித்து நிற்கின்றது. லா பூர்டெசியேரோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய பாணியில் மீளமைக்கப்பட்டது. தொன்மை என நாம் தொட்டுப் பார்ப்பதிலே பழையது எது, பழையதைப் போலச் செய்தது எது எனப் பிரித்தறிவது எளிதன்று.

இவ்வரண்மனைகளின் அதிகாரம் முறிந்த நாளை வரலாறு துல்லியமாகக் குறித்துள்ளது. 1789 யூலையில் குடியானவர் பல இடங்களில் மாளிகைகளுட் புகுந்து, தம்மைப் பிணித்த உரிமைப் பத்திரங்களை எரித்தனர். ஓகஸ்ட் 4 ஆம் நாள் இரவு தேசிய சபை நிலப்பிரபுக்களின் தனியுரிமைகளை ஒழிக்க முடிவு செய்தது. ஒழிக்கப்பட்டவற்றுட் புறா வளர்க்கும் உரிமையும் ஒன்று. இது அற்பமான செய்தி போலத் தோன்றலாம். ஆனால் பிரபுவின் கோபுரத்திலிருந்து பறந்து வந்த புறாக்கள் விதைத்த தானியத்தைப் பொறுக்கித் தின்றபோது, அவற்றைக் கொல்லும் உரிமை விதைத்தவனுக்கு இருக்கவில்லை. அப்பகுதியிற் பண்ணைகளின் ஓரத்தில் உருண்டையான புறாக்கூண்டுக் கோபுரங்களைக் கண்டபோது உல்லாசப் பயணிகள் படமெடுத்தனர். எனக்கு அவை வரி வாங்கும் நிலையங்களாகவே தோன்றின.

தனியுரிமை போனபின் கூரை மட்டும் எஞ்சியது. கருங்கற்பலகை வேய்ந்த அத்தகைய கூரையைப் பேணுவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டும். குடியானவரின் வரி நின்றுவிட்ட பிறகு அச்செல்வம் எங்கிருந்து வரும்? அரசு 1913 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வரலாற்றுச் சின்னங்களுக்குப் பாதுகாப்பளித்தது. வில்லாந்திரி மாளிகையை 1906 இல் வாங்கிய ஜொவாக்கிம் கர்வாலோ, 1924 இல் உரிமையாளர்களை ஒரு சங்கமாகத் திரட்டி, மாளிகைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் வழியைக் காட்டினார். பார்வையாளரிடம் நுழைவுக் கட்டணம் பெறுதல் முதற்படி. அவர்களை இரவில் தங்கவைத்து வாடகை பெறுதல் அடுத்த படி. ஆக, என் மாமாவின் ஒரு வாரச் சம்பளம் அக்கூரையின் சில பலகைகளைத் தாங்குகின்றது எனலாம். முன்னர் வரியாகச் சென்றது இன்று விருப்பத்தோடு செல்கின்றது. வேறுபாடு சிறிதன்று; ஆயினும் பணம் செல்லும் திசை மாறவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

எங்கள் அறை உயர்ந்த கூரையும் மரங்களை நோக்கிய யன்னலும் உடையது. கனத்த திரைச்சீலை, பழைய அலுமாரி, நடந்தால் முனகும் மரத்தளம். முதல் இரவு மாமா நெடுநேரம் உறங்கவில்லை. காலையில் நான் விழித்தபோது தமது கட்டில் விரிப்பை மூலை மடித்துச் சீராக்கி வைத்துவிட்டு யன்னலருகே கதிரையில் இருந்தார். உணவு மண்டபத்தில் நாங்கள் உண்டு முடித்ததும் அவரது கைகள் தம்மையறியாமலே கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின. பரிமாறிய இளம்பெண் சிரித்துக்கொண்டு, அது தன் வேலை என்றாள். மாமாவும் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன சொன்னீர்கள் எனக் கேட்டேன். "நானும் அந்தப் பக்கத்து ஆள்தான் எண்டனான்" என்றார். அதன்பின் அப்பெண் எங்கள் மேசைக்கு வந்தபோதெல்லாம் இருவரும் தொழிலாளர் இருவர் பேசுமாறு பேசிக்கொண்டனர்.

இரண்டாம் நாள் அயலிலுள்ள ஷெனோன்சோவுக்குச் சென்றோம். ஷெர் நதியின் குறுக்கே பாலமாக எழுந்து, அப்பாலத்தின்மேல் 60 மீற்றர் நீளமான நெடுமண்டபத்தைத் தாங்கி நிற்கும் அதன் அழகை எழுதியோர் பலர். மாமா அரசிகளின் அறைகளை விரைவாகக் கடந்துவிட்டார். "குசினி எங்க?" என்பதே அவரது கேள்வி. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தில் விட்டுச்சென்ற அச்சொல்லும் பிரெஞ்சுக்காரரின் 'குயிசீன்' என்ற சொல்லும் உறவுடையன. ஆதலால் வழிகாட்டிய காவலருக்கு அது உடனே விளங்கிவிட்டது. சமையற்கட்டு ஆற்றினுள் ஊன்றிய பாலத்தூண்களின் உள்ளே அமைந்துள்ளது. பொருள்களைப் படகில் கொணர்ந்து நேரே இறக்குவதற்கான துறையும் அங்குண்டு. அடுப்பு, இறைச்சி வெட்டுமிடம், வேலையாட்கள் உண்ணும் அறை ஆகியவற்றை மாமா ஒரு மாணவனைப்போல நின்று பார்த்தார். புகை போகும் வழியையும் கழிவுநீர் போகும் வழியையும் எனக்கு விளக்கினார். மேலே எத்தனை பேர் விருந்துண்டனர் எனப் பலகைகள் கூறும். கீழே எத்தனை பேர் வெந்தனர் என்பதை அவர் அடுப்பின் அகலத்தைக் கொண்டே கணித்தார்.

பின்னர் நெடுமண்டபத்திற்கு வந்தோம். முதலாம் உலகப் போரில் அம்மண்டபம் காயமுற்ற படைவீரரின் மருத்துவமனையாயிருந்தது. 1940 முதல் 1942 வரை ஷெர் நதியே ஜேர்மனியர் கைப்பற்றிய பகுதிக்கும் அப்பாலுள்ள பகுதிக்குமிடையே எல்லைக் கோடாயிற்று. மாளிகையின் முன்வாசல் ஆக்கிரமிப்பின் கீழிருந்தது. மண்டபத்தின் மறுகோடிக் கதவோ மறுபகுதியில் திறந்தது. அக்கதவின் வழியே தப்பியோர் உளர். இதை நான் வாசித்துச் சொன்னபோது மாமா மறுகோடிக் கதவுவரை நடந்து சென்று அங்கேயே சிறிது நேரம் நின்றார். 1993 இல் இரவோடிரவாகக் கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்து வந்தவர் அவர். "எங்களுக்குக் கதவு இருக்கேல்லை, தண்ணிதான் இருந்தது" என்று மட்டும் சொன்னார்.

அவரது வீடு வலிகாமம் வடக்கில் இருந்தது. 1990 இல் அவ்வூர் முழுவதும் இடம்பெயர்ந்தது. பல ஆண்டுகளின் பின் காணி விடுவிக்கப்பட்டபோது நானும் அம்மாவோடு சென்றேன். கிணற்றுக்கட்டைத் தவிர வீடென்று சொல்ல அங்கு ஒன்றும் இருக்கவில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நிதியதிகாரி எந்தப் பக்கம் யன்னல் வைத்தார் என்பதைக் காத்துவைக்கும் உலகில், முப்பது ஆண்டுகளுக்கு முன் என் பேரனார் எங்கே திண்ணை வைத்தார் என்பதைச் சொல்ல ஒரு கல்லும் இல்லை. இதனைப் பொறாமையால் எழுதவில்லை. எவை காக்கப்படுகின்றன, எவை காக்கப்படுவதில்லை என்பதைத் தீர்மானிப்பது அழகு மட்டுமன்று என்பதற்காகவே குறிப்பிடுகின்றேன். நம் நாட்டிலும் தோட்டத்துரைமாரின் பங்களாக்கள் உல்லாச விடுதிகளாகிப் புதுவர்ணம் பெறுகின்றன; அவற்றின் கீழே லயங்கள் இன்னும் ஒழுகுகின்றன.

எனினும் லா பூர்டெசியேர் எனக்கு வேறொன்றையும் காட்டிற்று. 1990களின் தொடக்கத்தில் அதனை வாங்கிய லூயி அல்பேர் டு புரோய், பழைய காய்கறித் தோட்டத்தில் தக்காளி இனங்களைத் திரட்டத் தொடங்கினார். இன்று அங்குள்ள இனங்கள் 650 இற்கும் மேற்பட்டவை. மஞ்சள், கறுப்பு, வரிப்பச்சை, கொய்யாவளவு பெரியது, நாவற்பழமளவு சிறியது என நிரைநிரையாகக் காய்த்து நின்றன. சந்தைக்கு ஏற்ற ஒருசில இனங்களே எங்கும் பயிராகும் இக்காலத்தில், வருடந்தோறும் விதைத்து வருடந்தோறும் விதையெடுத்தாலன்றி ஏனையவை அழிந்தொழியும். அமெரிக்காவிலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த இச்செடி, பாபுவின் மாளிகையோடு ஏறக்குறைய ஒத்த வயதினது. ஆனால் மாளிகையைப்போல ஒருமுறை கட்டிவிட்டுப் பேண முடியாதது. மாமா ஒவ்வொரு செடியின் பெயர்ப்பலகையையும் வாசித்தபடி மாலைவரை அங்கேயே நடந்தார். தோட்டக்காரன் மகனல்லவா அவர்! தங்கள் தோட்டத்தில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் எந்த மாதத்தில் எந்தப் பாத்தி என்பதை அன்றுதான் எனக்கு முதன்முறையாக வரிசையாகச் சொன்னார். அரசிகளின் கட்டிலறைகள் அவரைப் பேசவைக்கவில்லை. ஒரு தக்காளிப் பாத்தி பேசவைத்தது.

அரண்மனை விடுதியாவது வீழ்ச்சி என்பாருமுளர், வணிகம் என்பாருமுளர். என் கருத்து அஃதன்று. வாயிலில் நின்று வரி கொடுத்தவரின் வகையினர் உள்ளே உறங்கலாமெனில் அது முன்னேற்றமே. ஆனால் அம்முன்னேற்றம் நிறைவு பெறவேண்டுமாயின், மாளிகையின் கதையில் கல் குடைந்தவனுக்கும் அடுப்பெரித்தவளுக்கும் பிரபுவுக்கு உள்ளவாறே இடம் வேண்டும். அதுபோலவே, வீடுகள் எஞ்சாத நம் ஊர்களில் கல்லை எதிர்பார்த்திராது, நினைவுள்ளோர் வாழும்போதே அவர்தம் நினைவுகளைப் பதிவு செய்வது நம்மைப் போன்ற மாணவரின் கடன். நாடு திரும்பிய பின் அம்மாவையும் அயலவரையும் கேட்டு, அழிந்துபோன அவ்வீட்டின் படத்தை ஒரு கொப்பியில் வரைந்து வருகின்றேன். முன்விறாந்தையும் சாமியறையும் முடிந்துவிட்டன. குசினியின் வாசல் கிழக்கா தெற்கா என்பதில் அம்மாவுக்கும் மாமாவுக்கும் தொலைபேசியில் இன்னும் வழக்கு நடைபெறுகின்றது.