தப்பு ஏறாத மேடை

எங்க பாடசாலைக் கலை விழாவில் பரதம் இருந்தது, கண்டிய நடனமும் இருந்தது. தப்பு மட்டும் இல்லை. கேட்டதுக்கு, "அது சாவு வீட்டுல அடிக்கிறதுதானே" என்றார்கள்.

அப்படிப் பார்த்தா, ஒருகாலத்தில் விடியமுன்னம் லயத்தை எழுப்பிப் பெரட்டுக்குக் கூப்பிட்டதும் தப்புதான். மாசியில் எங்களைக் காமன் பொட்டலுக்கு இழுக்கிறதும் அதுதான். ரதி அழுவதே அந்த அடியில்தான். சாவு ஒரு சாக்கு, அடியில் இருக்கிறது சாதி. இதை நாங்களும் சத்தமாச் சொன்னதில்லை.

2023இல் 200 வருஷத்தை நினைச்சுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்த சமூகம் நாங்க. சொந்தப் பள்ளி மேடைக்கு நாலு படி ஏற இவ்வளவு தயக்கம்!

அடுத்த விழாவுக்குத் தோட்டத்துத் தாத்தா ஒருவரைக் கூட்டிவந்தோம். மேடைக்குப் பின்னால் வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார். கண்டிய மேளம் அடிக்க வந்திருந்த சிங்களப் பொடியன்தான் முதலில் பக்கத்தில் போய்க் குந்தினான். "எனக்கும் தாங்க" என்று கையை நீட்டினான்.