கயிறு யார் கையில்?

அல்அன்பியா அத்தியாயத்தை ஓதிவரும்போது, அதன் 80ஆம் வசனத்தில் நபி தாவூத் (அலை) அவர்களுக்குக் கவசம் செய்யும் கலை கற்பிக்கப்பட்ட செய்தியைக் காண்கிறோம். போரில் மனிதரைக் காப்பதற்காகவே அக்கலை என்ற காரணமும் அங்கேயே சொல்லப்படுகிறது. ஒரு வசனம் தாண்டி 82க்கு வந்தால், அவர்களுடைய மகனார் நபி சுலைமான் (அலை) அவர்களுக்காகக் கடலில் மூழ்கிப் பணிசெய்த ஷைத்தான்களைப் பற்றிய குறிப்பு வருகிறது. இவ்விரண்டையும் இணைத்து விளக்கவுரை எழுதும் தகுதி நமக்கில்லை. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். ஆனால் கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு அவ்விடத்தை ஓதும்போது ஒரு நினைவு வராமலிராது. அந்த ஷைத்தான்களுக்கு நீருக்குள் மூச்சு முட்டியதா என்பது நமக்கு வேண்டாத ஆராய்ச்சி. ஆதமுடைய மக்களுக்கு முட்டுகிறது. மூழ்குகிறவர் மனிதராயின் அவருக்கும் ஒரு கவசம் வேண்டும்.

மன்னார் வளைகுடாக் கரையில் கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை, தூத்துக்குடி எனப் பல ஊர்களில் மூச்சடக்கிக் கடலடியில் தேடிப் பிழைத்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. முத்துக்குளித்தல் 1961ஆம் ஆண்டுடன் நம் பக்கம் நின்றுபோயிற்று. சங்கு குளித்தல் தொடர்கிறது. வளைகுடா நாடுகளுக்கும் மாலத்தீவுக்கும் வேலைக்குச் சென்ற நம் பிள்ளைகளோ விடுமுறை நாட்களில் ஈட்டித் துப்பாக்கியுடன் மீன் வேட்டைக்கு இறங்குகிறார்கள். 'ஃப்ரீடைவிங்' என்று படம் அனுப்புகிறார்கள். ஆகவே இது சில குளியாளர் வீடுகளின் கவலையாக மட்டும் இருந்த காலம் போய்விட்டது.

பழைய முத்துக்குளிப்பைப் பற்றிய குறிப்புகளைப் படிக்கும்போது ஒன்று கண்ணில் படும். மூழ்குகிறவர் ஒருபோதும் தனியாக மூழ்கியதில்லை. பாரசீக வளைகுடாவில் மூழ்குகிறவருக்கு 'கைஸ்' என்று பெயர். அவருடைய கயிற்றைப் பிடித்துப் படகில் நிற்பவருக்கு 'ஸைப்' என்று பெயர். இப்னு பதூதாவும் அக்கடலில் கண்ட முறையை எழுதியிருக்கிறார். மூக்கில் ஆமையோட்டுக் கிடுக்கி, இடுப்பில் கயிறு. மூச்சு முட்டும்போது கீழிருப்பவர் கயிற்றை அசைப்பார், பிடித்திருப்பவர் அதை உணர்ந்து மேலே இழுப்பார். நம் கரையிலும் கல்லும் கயிறும் கயிறு பிடிக்கும் ஆளும் சேர்ந்ததே குளிப்பு. கல்லின் கனத்தில் கீழே இறங்குவார்கள்; தரை தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள்; மேலிருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். மேலேறும்போது உடலில் பாரம் இராது. அந்த ஏற்பாட்டின் அருமை இன்றைய எடைப் பட்டையைப் பார்க்கும்போதுதான் விளங்குகிறது. இன்று ஈயக்கட்டிகளை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்குகிறவர், நினைவிழந்தாலும் அவற்றைச் சுமந்தபடியே கிடக்கிறார்.

நினைவிழப்பு என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பலர் இதை மூச்சுத்திணறல் என்று எண்ணியிருக்கிறார்கள். திணறல் இருந்தால் தப்பிக்க வழியுண்டு. இதில் திணறலே இராது. மூச்சுவிட வேண்டும் என்று நம்மைப் பிடித்துத் தள்ளுவது முதன்மையாக ஆக்சிஜன் குறைவதன்று. கரியமில வாயு பெருகுவதே. இறங்குமுன் வேகவேகமாகப் பத்திருபது முறை மூச்சை இழுத்துவிடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. அதனால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. கரியமில வாயு மட்டும் வெளியேறிவிடுகிறது. எச்சரிக்கும் காவலாளியை உறங்கவைத்துவிட்டு உள்ளே போவதைப் போன்றது அது. கடலடியில் சுகமாக இருப்பதாகவே தோன்றும். இன்னும் கொஞ்சம் இருக்கலாம், இன்னொரு சங்கை எடுக்கலாம் என்று தோன்றும்.

அடுத்த கண்ணி மேலேறும் வழியில் இருக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்ப்பரப்பில் இருப்பதைப்போல் இரு மடங்கு. 20 மீட்டரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தால்தான் நுரையீரலில் எஞ்சியிருக்கும் சிறிதளவு ஆக்சிஜனும் கீழே மூளைக்குப் போதுமானதாயிருக்கிறது. மேலேறும்போது, முக்கியமாகக் கடைசி 10 மீட்டரில், அழுத்தம் பாதியாகிறது. ஆக்சிஜனின் வலிமையும் அதனுடன் விழுகிறது. வெளிச்சம் தெரிகிறது, படகின் அடிப்பகுதி தெரிகிறது, அப்போதுதான் விளக்கணைந்தாற்போல் நினைவு போகிறது. சிலருக்குத் தலை நீருக்கு மேல் வந்து ஒரு மூச்சு இழுத்த பிறகும் போகிறது; அந்த மூச்சின் பயன் மூளையை எட்டச் சில நொடிகள் ஆகும். கைகால் அடிப்பதில்லை, கூச்சல் இல்லை. பக்கத்தில் இருப்பவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலோர ஊரில், சங்கெடுக்கப் போய்த் திரும்பாத இளைஞர் ஒருவரின் மௌத் வீட்டுக்கு நாங்கள் சிலர் சென்றிருந்தோம். வந்தவர்கள் எல்லாரும் ஆறுதலாக ஒன்றையே சொன்னார்கள்: நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீத். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான நபிமொழி அது, அதில் ஐயமில்லை. அழுகிற வீட்டுக்கு அதைவிடப் பெரிய ஆறுதலும் இல்லை. இறந்தவருடைய வாப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இளமையில் அவரும் குளித்தவர். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உடன்போன பையன்களைப் பார்த்து, "அவன் எறங்கினப்ப கயிறு யார் கையில இருந்துச்சு?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. கயிறே இல்லை. மூவர் மூன்று திசையில் மூழ்கியிருக்கிறார்கள். படகில் இருந்த நான்காமவர் வலையைச் சீர்செய்துகொண்டிருந்திருக்கிறார்.

அந்தக் கேள்வியைச் சிலர் கத்ரை ஏற்காத கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ஷஹீத் என்ற நற்செய்தி இறந்தவருக்கு உரியது. உயிரோடிருப்பவர் கயிற்றை அவிழ்த்துப் போடுவதற்கு அது அனுமதிச் சீட்டாகாது. தடுப்புச் சுவரில்லாத மாடியில் உறங்குகிறவரைக் குறித்த நபிமொழி அபூதாவூதில் இருக்கிறது. அப்படிப்பட்டவருக்குரிய பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிடுகிறது என்பது அதன் கருத்து. கடல் கொந்தளிக்கும்போது பயணம் புறப்படுகிறவரையும் அதே வரிசையில் வைத்து எச்சரிக்கும் அறிவிப்பை இமாம் புகாரி அவர்கள் அல்அதபுல் முஃப்ரதில் பதிவுசெய்திருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன செய்தி நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். உஹதில் நபி (ஸல்) அவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரு கவசங்கள் அணிந்திருந்தார்கள். அவர்களைவிடத் தவக்குல் உள்ளவர் யார்?

எங்கள் லாத்தாவின் மகன் துபாயில் இருக்கிறான். சென்ற ஆண்டு நீண்ட துடுப்புக் காலணி, கண்ணாடி, ஈட்டித் துப்பாக்கி எல்லாவற்றையும் விரித்துவைத்துப் படம் அனுப்பி, "துஆ செய்யுங்க மாமா" என்று எழுதியிருந்தான். துஆ செய்தோம். உடனே தொலைபேசியில் அழைத்து, "கூட வர்றது யாரு?" என்றும் கேட்டோம். சில நொடி தாமதித்து, "அங்கே போனா யாராச்சும் இருப்பாங்க மாமா" என்றான். அவன் வாங்கியிருந்தவை எல்லாம் ஆழமாகப் போகவும் அதிக நேரம் இருக்கவும் மீனை அடிக்கவும் உதவுபவை. திரும்பி வருவதற்கென்று அந்தப் படத்தில் ஒன்றுமில்லை.

பிறகு அவனுடன் சேர்ந்து பட்டியல் போட்டோம். முதலாவது எடைப் பட்டை. ஒரு கையால் ஒரே இழுப்பில் அவிழும் கொக்கி வேண்டும். கூடப் போகிற அனைவருக்கும் அது ஒரே விதமாக அவிழ வேண்டும், ஏனெனில் அதை அவிழ்ப்பது அவனாக இராது. துணிப் பட்டையைவிட ரப்பர்ப் பட்டை நல்லது. ஆழத்தில் உடையும் உடலும் ஒடுங்கும்போதும் நழுவாமல் பிடிக்கும். ஈயம் எவ்வளவு என்பதில்தான் பேராசை வருகிறது. கனம் கூடினால் இறங்குவது எளிது. ஆனால் மூச்சை முழுதும் வெளிவிட்ட பின்னும் நீர்ப்பரப்பில் மிதக்கும் அளவுக்கே கட்ட வேண்டும். கடைசி 10 மீட்டரில் உடல் தானாக மேலெழ வேண்டும். அடுத்தது கொடியுடன் கூடிய மிதவையும் கயிறும். களைத்தால் பிடித்து ஓய்வெடுக்க, விசைப்படகு ஏறிவிடாதிருக்க, தேடுவோருக்கு இடம் தெரிய என்று அதற்குப் பல பயன். மணிக்கட்டில் கட்டும் ஆழமானிக் கடிகாரம் ஓய்வு நேரத்தைக் கணக்கிடும்; மூழ்கியிருந்த நேரத்தைப்போல் இரு மடங்காவது மேலே ஓய்வெடுப்பது பொது விதி. இவ்வளவுக்கும் ஆன செலவு அந்த ஈட்டித் துப்பாக்கியின் விலையைத் தொடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மீட்பு உடுப்பு ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் பெயர்பெற்ற ஈட்டி மீன் வேட்டையாளர் டெரி மாஸ் உருவாக்கியது. முன்கூட்டிக் குறித்த ஆழத்தையோ நேரத்தையோ தாண்டினால், அதனுள் இருக்கும் வாயுக் குப்பிகள் தாமாகத் திறந்து உடுப்பு ஊதிக்கொள்ளும். மூழ்கியவரை மேலே கொண்டுவந்து சேர்க்கும். அருமையான கருவி. விலை கூடியது, எளிதில் கிடைப்பதுமில்லை. அதைப் பற்றிப் படித்ததும் லாத்தா மகனுக்குப் பெரும் மகிழ்ச்சி: "அப்ப தனியாப் போகலாம்தானே மாமா?" அங்கேதான் நாங்கள் நிறுத்தினோம். உடுப்பு மேலே கொண்டுவரும். கண்ணாடியைக் கழற்றாது, கன்னத்தில் தட்டாது, பெயர் சொல்லி அழைக்காது, வாயில் காற்றூதாது.

நடாலியா மொல்சனோவா என்ற ரஷ்யப் பெண்மணி இத்துறையில் 40க்கும் மேற்பட்ட உலகச் சாதனைகள் படைத்தவர். 100 மீட்டருக்கும் கீழே ஒரே மூச்சில் சென்று திரும்பியவர். 2015 ஆகஸ்ட் 2 அன்று ஸ்பெயினின் ஃபோர்மென்தெரா தீவருகே, தனக்கு மிகச் சாதாரணமான ஆழத்தில், கயிற்றுடன் பிணைத்துக்கொள்ளாமல் மூழ்கினார். திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவர் பங்கேற்ற ஆழப் போட்டிகளில் ஒவ்வொருவரையும் இறங்கு கயிற்றுடன் பிணைக்கும் லேன்யார்டு உண்டு. எதிர்கொண்டு அழைத்துவரக் காப்பு மூழ்காளர்கள் உண்டு. மேலே வந்த பின்னும் 30 நொடி கண்காணிப்பு உண்டு. திறமை எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு கயிறு தேவை என்றுதான் அந்தப் போட்டிக்காரர்களே வகுத்திருக்கிறார்கள்.

கூட வருகிறவர் என்றால் கூடவே மூழ்குகிறவர் அல்லர். ஒருவர் கீழே, ஒருவர் மேலே முகத்தை நீரில் வைத்துப் பார்த்தபடி, இதுவே விதி. நினைவிழந்தவரை மேலே கொண்டுவந்ததும் முகத்தை நீருக்கு மேல் பிடித்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணருகே ஊதி, கன்னத்தில் தட்டி, பெயர் சொல்லி 'மூச்சுவிடு' என்று சொல்ல வேண்டும். பெரும்பாலோர் இதிலேயே விழித்துக்கொள்வர். இல்லையேல் தாமதிக்காமல் வாயோடு வாய் வைத்துக் காற்றூத வேண்டும். விழித்தவர் அன்று மறுபடி இறங்கக் கூடாது. இது கடலுக்கு மட்டுமன்று. கிணற்றிலும் விடுதி நீச்சல் குளத்திலும் 'யார் ரொம்ப நேரம் முங்கி இருக்கிறது' என்று பிள்ளைகள் போட்டி வைக்கிறார்களே, அதிலும் இடுப்பளவு நீரில் இதே நினைவிழப்பு நேர்கிறது. உம்மாமார் கரையில் இருந்தும், விளையாடுகிறான் என்றே எண்ணுவார்கள்.

சங்கு குளிப்போரிடம் இதைப் பேசினால் ஒரு நியாயமான மறுப்பு வருகிறது. சங்கு தேடுகிறவர் தரையில் நகர்ந்துகொண்டே இருப்பார். இடுப்புக் கயிறு பாறையில் சிக்கும். கலங்கிய நாட்களில் மேலிருப்பவருக்குக் கீழே ஒன்றும் தெரியாது. இரண்டும் உண்மை. அதற்காகத்தான் இடுப்பிலிருந்து எளிதில் அவிழும்படி கட்டிய மெல்லிய கயிறும், அதன் மறுமுனையில் இழுபட்டு வரும் சிறு மிதவையும். மிதவை நகராமல் நின்றால் படகில் இருப்பவர் கேட்க வேண்டும். அந்த ஆள் அப்போது வலை சீர்செய்யக் கூடாது, தொலைபேசி பார்க்கக் கூடாது. அவருக்கும் சங்கில் ஒரு பங்கு கொடுத்தால் மனவருத்தமின்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். கயிறு பிடிப்பதும் உழைப்பென்று பழைய முத்துக்குளிப்பில் அவருக்குப் பங்கு இருந்தது.

கடலில் இறந்தவர் வீட்டுக்கு ஜமாஅத் பைத்துல்மாலிலிருந்து உதவி போகிறது, போகவும் வேண்டும். அதே நிதியிலிருந்து படகுக்கு ஒரு மிதவையும் ஒரு சுருள் கயிறும் கொடுக்கலாமா என்று எங்கள் தெருவில் சிலர் கேட்டோம். நிர்வாகத்தில் பேச்சு இன்னும் முடியவில்லை. அதற்குள் இருவர் தம் கைப்பணத்தில் முதல் சுருளை வாங்கிவிட்டார்கள். ஓர் இழுப்பில் அவிழும் முடிச்சைப் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்க அந்த வாப்பாவே அஸருக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.