கடையாணி விழுந்த இடம்

அச்சுப் பிழை பார்ப்பதில் நான் கெட்டிக்காரன் என்று எங்கள் தெருவில் ஒரு வதந்தி உண்டு. என் நாவல்களின் பதிப்பாளரைக் கேட்டிருந்தால் அது வதந்திதான் என்று தெரிந்திருக்கும். எதிர் வீட்டுப் பெண் அவரைக் கேட்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நேரே என் திண்ணைக்கு வந்துவிட்டாள்.

பாலிடெக்னிக்கில் முதல் வருஷம் படிக்கிற பெண். தாயாருக்குக் கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசில் வேலை. எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். பேனாவுக்கு அங்கே அதிக வேலையில்லை.

"தாத்தா, நீங்க புரூப் பாக்கிறவருதானே? இதுல எங்கே தப்புன்னு சொல்லுங்க. இல்லேன்னா நாளைக்கே அம்மாகூட ஆபீசுக்குப் போயிருவேன்."

விளையாட்டாகச் சொன்னாள் என்று நினைத்து நிமிர்ந்தேன். கண்கள் சிவந்திருந்தன.

பைதான் என்ற கணினி மொழியில் எழுதிய இருபது வரிகள். அம்மா ஒரு நாளில் கட்டுகிற பெட்டிகளின் எண்ணிக்கையைக் கொடுத்தால் கூலியைச் சொல்ல வேண்டும். இயந்திரமோ பன்னிரண்டாம் வரியில் 'சிண்டாக்ஸ் எர்ரர்', அதாவது இலக்கணப் பிழை, என்று சொல்லி நின்றுவிட்டது. அந்த வரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தோம். பிழையே இல்லை. ஆறு தடவை அழித்து எழுதினாளாம். ஆறு தடவையும் அதே பதில்தான்.

"எனக்கு இந்தப் படிப்பு ஏறாது தாத்தா."

நானும் அப்போது அந்த மொழியில் மூன்று மாதக் குழந்தை. பேரன் விட்டுப்போன புத்தகத்தை வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தேன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு வண்டிக் கதையைச் சொன்னேன்.

நான் சிறுவனாக இருந்தபோது, பருத்திப் பொதி ஏற்றிய எங்கள் வண்டியின் சக்கரம் எட்டயபுரம் சாலையில் கழன்று சாய்ந்தது. கடையாணி எங்கேயோ விழுந்துவிட்டது. நான் வண்டிக்கு அடியில் புழுதியைக் கிளறித் தேடினேன். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்த வழியே பின்னோக்கி நடந்தார். ஒரு பர்லாங்குக்கு அப்பால், கரிசல் வெடிப்பு ஒன்றின் ஓரத்தில் ஆணி கிடந்தது.

"அப்போ பதினோராவது வரியா தாத்தா?" என்றாள் அவள். கதையை முடிக்கவே விடவில்லை.

பதினோராவது வரியில் திறந்த அடைப்புக்குறிகள் இரண்டு, மூடியது ஒன்று. இயந்திரம் அடுத்த குறி வரும் வரும் என்று நம்பிக்கொண்டே அடுத்த வரிக்குள் நுழைந்திருக்கிறது. அங்கே பொருந்தாத சொல்லைக் கண்டதும் நின்றுவிட்டது. அது காட்டியது தான் தடுக்கி விழுந்த இடத்தை. 2021-இல் வந்த பைதான் 3.10 முதல், மூடாத அடைப்புக்குறியையே சுட்டிக்காட்டுகிறார்கள். இவளுடைய கணினியில் இருந்தது அதற்கு முந்தியது.

குறியைப் போட்டாள். இப்போது பதினேழாம் வரியில் பிழை, ஏற்க முடியாத எழுத்தாம்! அந்த ஒரு வரியை யாரோ கொடுத்த குறிப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தாள். இங்கேதான் என் பழைய தொழில் கைகொடுத்தது. அந்த மேற்கோள் குறிகள் வளைந்திருந்தன. அச்சுக்கூடத்தில் வளைந்த குறிதான் அழகு. நேராக நிற்கும் குறி தட்டச்சுப் பொறி சிக்கனத்துக்காகப் பெற்ற பிள்ளை. திறக்கவும் மூடவும் அதற்கு ஒரே விசை. கணினி மொழியோ அந்தச் சிக்கனக்காரனைத்தான் ஏற்கிறது. வாழ்நாளெல்லாம் எந்த அழகுக்காகக் கம்பாசிட்டர்களோடு சண்டை போட்டேனோ, அதுவே இங்கே குற்றம்!

"இவ்வளவு அற்பத்துக்கா இந்த மிஷின் கத்துது?" என்றாள்.

கத்துவது நல்லது தாயி, என்றேன். 1962 ஜூலை 22-ஆம் தேதி, வெள்ளிக் கிரகத்தை நோக்கி அமெரிக்கா அனுப்பிய மாரினர் 1 விண்கலம் ஐந்து நிமிஷத்துக்குள் வழி தவறியது. அதை வானிலேயே அழித்துவிட்டார்கள். வழிநடத்தும் கட்டளைகளில் ஒரு சிறு குறி விடுபட்டிருந்தது காரணங்களில் ஒன்று. அது இல்லையே என்று எந்த இயந்திரமும் தடுத்துக் கேட்கவில்லை.

குறிகளை மாற்றினாள். இருபது வரிகளும் மடமடவென்று ஓடின. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதே சமயம் அவள் தாயார் வேலை விட்டுத் தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள். சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைக்கக்கூட விடாமல், "இன்னைக்கு எத்தனை பெட்டிம்மா கட்டினே?" என்று கேட்டு, எண்ணைக் கொடுத்தாள். கூலி வந்தது. முணுமுணுப்பு இல்லை, பிழை இல்லை.

தாயார் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"ஒரு நாளைக்கு இம்புட்டுக் கூலி குடுத்தா முதலாளி நாளைக்கே ஆபீஸைப் பூட்டிருவாரே! குரோசுக்கு எத்தனை பெட்டின்னுடி போட்டிருக்கே?"

நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம். 144 என்று இருக்க வேண்டிய இடத்தில் 12 என்று இருந்தது.

"இரும்மா, போயிராதே," என்று சொல்லி, பெண் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.