மாமா கண்டுபிடித்த தாமதம்

நான் சொந்தமாக ஒரு லினக்ஸ் கட்டுகிறேன் என்றதும் லப்பைக்குடிக்காட்டில் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள்: "பழைய அரசு லேப்டாப்பையெல்லாம் பிள்ளைகளுக்குச் சரிபண்ணித் தரவா?" ஆமாம் என்று தலையாட்டிவைத்தேன். உண்மையில் எனக்குக் கான்ட்ரா என்ற பழைய வீடியோ கேமை ஆட வேண்டும், அவ்வளவுதான்.

2011இல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் எனக்கும் ஒன்று கிடைத்திருந்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸிலிருந்து உருவாக்கியது அது. எங்கள் செட்டில் அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. 2 ஜிபி ராமுக்கு இன்றைய பிரவுசரே பெரும் பாரம். ஆனால் 1983இல் நிண்டெண்டோ கொண்டுவந்த ஃபேமிகாமின் சிப் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ்தான், ராம் 2 கேபி. அந்தப் பெட்டியாக நடிக்க என் லேப்டாப் தாராளம்.

டெபியனில் 'லைவ்-பில்ட்' என்றொரு கருவி உண்டு. வேண்டிய பேக்கேஜ்களை ஒரு கோப்பில் எழுதி ஓடவிட்டால், பென்டிரைவில் ஏற்றும் ஐஎஸ்ஓ வந்துவிடும். டெபியனில் ஒரு பேக்கேஜைக் கேட்டால், கல்யாணத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டதற்கு வேன் பிடித்து வருவதுபோல, பரிந்துரைப் பேக்கேஜ்களும் கூடவே வரும். அவை வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்ததும் பாதி பாரம் இறங்கியது. தமிழ் எழுத்துருவில் மட்டும் கை வைக்கவில்லை.

மாமாவிடம் காட்டினேன். தொண்ணூறுகளில் துபாயில் வேலை பார்த்த சபுராளி. அவர் கொண்டுவந்த டிவி கேமில்தான் எங்கள் தெருவே ஆடியது. கேசட்டை ஊதிச் செருகும் அதே விரல்களால் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். இரண்டு குதி, ஒரு சாவு.

"மாப்ளே, அமுக்குனதுக்கு அப்புறம்ல குதிக்கிறான்!"

வயதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். கணக்குப் போட்டால் அவர் சொன்னதே சரி. அந்தக் கால டிவியில் படம் வரிவரியாக நேரே திரைக்குப் போகும். இங்கே அந்தப் பெட்டியாக நடிக்கும் எமுலேட்டர் ஒரு ஃபிரேமை முடித்து, டெஸ்க்டாப்பில் ஜன்னல்களைச் சேர்த்துக் காட்டும் கம்போசிட்டரிடம் கொடுத்து, அது காத்திருந்துதான் திரைக்குப் போகிறது. ஒரு ஃபிரேம் 16.6 மில்லிசெகண்ட், மூன்று சேர்ந்தாலே பழகிய விரலுக்குத் தெரிந்துவிடும். கம்போசிட்டரைத் தூக்கினேன். பிறகு டெஸ்க்டாப்பையே ஓரங்கட்டி, எமுலேட்டர்களை ஓட்டும் ரெட்ரோஆர்ச் நேரே திரையைப் பிடிக்கும்படி மாற்றினேன். ஒலிக்கான பஃபரையும், சத்தம் கரகரக்கும் எல்லைவரை குறைத்தேன். அழகுக்காகச் சேர்த்தவை எல்லாம் போயின. மாமா மறுபடி ஆடிவிட்டு, "இப்பதான் சண்டை" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர்தான் டெஸ்டர். ராம் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மீட்டரை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

ஆற்றுக்கு அந்தப்பக்கம் திட்டக்குடியில் ஒரு கடைக்காரர், கேம்களோடு பென்டிரைவில் போட்டு விற்கலாமா என்றார். மறுத்துவிட்டேன். எமுலேட்டர் சட்டப்படி சரிதான், ஆனால் கேம்கள் நிண்டெண்டோ, கோனாமி போன்றோரின் சொத்து. எஸ்நெஸ்9எக்ஸ் போன்ற சில எமுலேட்டர்களின் உரிமமோ காசுக்கு விற்பதையே அனுமதிப்பதில்லை. விளையாட்டு ஆர்வலர்கள் புதிதாக எழுதி இலவசமாகத் தரும் கேம்களே நிறைய இருக்கின்றன.

உங்கள் பரணிலும் அப்படி ஒரு லேப்டாப் கிடந்தால், எடைக்குப் போடும் முன் சிப் 64 பிட்டா என்று பாருங்கள். 2025இல் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கு இன்ஸ்டாலர் கிடையாது. அவற்றுக்கு டெபியன் 12தான் கடைசி.