ஆந்தைக்கும் ஓரடி நிலம்



மேம்பாட்டால் விலங்குகள் வாழிடம் இழக்கின்றன என்று அறிவியல் பாடத்தில் கற்பிக்கிறோம். மாணவர்களும் தேர்வுத்தாளில் அதனைப் பிழையின்றி எழுதிவிடுகின்றனர். ஆயினும், தாம் என்ன செய்ய இயலும் என்பதை அவர்கள் அறிவதில்லை. காடு எங்கோ இருக்கிறது, அதனைக் காப்பது அரசின் கடமை என்று எண்ணிக்கொள்கின்றனர். இவ்வெண்ணத்தை மாற்ற நான் வகுப்பில் எடுத்துரைப்பது, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வாழும் வளை ஆந்தையின் கதையை.

ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் உயரமே உள்ள இவ்வாந்தை மரப்பொந்தை நாடுவதில்லை. மண்ணைத் தோண்டி வளை அமைத்து, அதனுள் முட்டையிடுகிறது. பகலிலும் வளையின் வாயிலில் நின்று காவல் காக்கிறது. புல் குட்டையாக வளர்ந்த வெட்டவெளியே இதற்கு ஏற்ற இடம்.

அம்மாநிலத்தின் கேப் கோரல் நகரம் 1957-ஆம் ஆண்டில் உருவாகத் தொடங்கியது. நிலத்தைத் திருத்தி, கால்வாய்கள் வெட்டி, வீட்டுமனைகளாகப் பிரித்தனர். பல மனைகள் நெடுங்காலம் காலியாகக் கிடந்தன. அவற்றில் ஆந்தைகள் குடியேறிப் பெருகின. இன்று புளோரிடாவில் இவை மிகுதியாக வாழும் இடம் அந்நகரமே. ஆனால், காலிமனைகளில் இப்போது வீடுகள் எழுகின்றன. மேம்பாடு கொடுத்த இடத்தை மேம்பாடே திரும்பப் பெறுகிறது. 2017-ஆம் ஆண்டில் மாநில அரசு இதனை அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. அனுமதியின்றி வளையைச் சிதைப்பது குற்றமாகும்.

சட்டத்தைக் காட்டிலும் என்னைக் கவர்ந்தது மக்களின் செயலே. புல்வெட்டும் இயந்திரம் நெருங்காதிருக்கத் தன்னார்வலர்கள் வளையைச் சுற்றிக் கம்புகள் நட்டுக் கயிறு கட்டுகின்றனர். ஆந்தை அமர்வதற்கும் ஒரு சிறு கம்பு நடுகின்றனர். வேறு சிலர் தம் வீட்டு முற்றத்தில் புல்லைச் சிறிது அகற்றி, குழி தோண்டி வைக்கின்றனர். எஞ்சிய வளையை ஆந்தையே தோண்டிக்கொள்கிறது.

இதனைக் கேட்ட ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "ஐயா, ஆந்தை வீட்டருகே வந்தால் ஆகாது என்று பாட்டி சொல்வாரே?" என்றாள்.

"பாட்டியை மறுத்துப் பேச வேண்டா. இக்கதையை மட்டும் அவரிடம் சொல்" என்றேன்.

மறுநாள் அவள் பாட்டியின் கேள்வியோடு வந்தாள்: "மழை பெய்தால் குழிக்குள் இருக்கும் குஞ்சுகள் என்ன செய்யும்?"

பெருமழையில் வளைக்குள் நீர் புகுவது உண்மையே. அப்பாட்டி ஆந்தைக்கு அஞ்சுவதை விடுத்து, ஆந்தைக்காக அஞ்சத் தொடங்கிவிட்டார்! எந்தப் பாடநூலும் செய்யாததை ஒரு கதை செய்துவிட்டது.

பெற்றோர்களே, பெருங்காட்டைக் காக்கும் வாய்ப்பு நம் எல்லார்க்கும் கிட்டுவதில்லை. முற்றத்தில் ஓரடி நிலத்தை விட்டுக்கொடுப்பது எவர்க்கும் இயலும். அதனைப் பழகிய பிள்ளை, நாளை நிலத்தைப் பங்கிடும் பொறுப்பில் அமரும்போதும் பிற உயிர்களை மறவாது. அவ்வெண்ணத்தை இன்றே விதைப்போம்.