அம்மாயி எந்தப் பக்கம்?

பதுளை – பசறை பஸ்ஸில் ஒரே ஹெட்செட்டை ரெண்டு பேர் ஆளுக்கொரு காதில் மாட்டிப் பாட்டுக் கேட்பது நமக்குப் பழக்கம். சில பாட்டில் ஒருத்தருக்கு வயலின் மட்டும் கேட்கும், மற்றவருக்குத் தபேலா மட்டும். இப்படிப் பிரிப்பதற்குப் பெயர் பேனிங்.

ஒடாசிட்டி மாதிரி இலவச மென்பொருளிலும் ஒவ்வொரு டிராக்குக்கும் இதற்கென்று ஒரு ஸ்லைடர் உண்டு. இடப்பக்கம் இழுத்தால் வலது ஸ்பீக்கருக்குப் போகிற ஒலி குறையும். சத்தம் கூடுதலாக வருகிற பக்கம்தான் ஆள் நிற்கிறார் என்று நம்ம மூளை முடிவு பண்ணிக்கொள்ளும். ரெண்டு பக்கமும் சமமாகப் போனால், ஸ்பீக்கரே இல்லாத நடுவில் குரல் கேட்கும். ஸ்டீரியோவுக்கு ஆலன் பிளம்லைன் இங்கிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1931இல்.

எங்கள் லயத்தில் அம்மாயி பாடியதையும், ரெண்டு தப்பு அடித்ததையும் தனித்தனியாகப் பதிந்தேன். தப்புகளை இடமும் வலமுமாகப் பிரித்ததும் கூத்துக் கூட்டத்துக்கு நடுவே நிற்கிற மாதிரி இருந்தது. அம்மாயியை மட்டும் நகர்த்தவில்லை. தோட்டத்தில் பலர் ஒற்றை ஸ்பீக்கர் போனில்தான் கேட்பார்கள். கொழும்பில் கடையில் நிற்கிற மாமா மகன் ஒற்றைக் காதில் மாட்டித்தான் கேட்பான். நடுவில் இருந்தால் எந்தக் காதிலும் அம்மாயி இருப்பார்.

சி. வி. வேலுப்பிள்ளை நம்ம பாட்டுகளின் சொற்களைத் தொகுத்துத் தந்தார். பாடுகிறவர்கள் இருக்கும்போதே குரல்களையும் சேர்த்து வைப்பது இனி நம்ம வேலை.